எப்ரோ ஆற்றில் அப்பாவுடன் ஆறு நாள்

முதல் நாள்

காலையில் ஸ்டுட்கார்ட்டில் விமானம் ஏறி, பார்சிலோனாவில் இறங்கி, வாடகைக் காரில் மேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டி, சாயங்காலத்துக்குள் ஸ்பெயினின் எப்ரோ கரையில் இருக்கும் மெக்கினென்சா வந்து சேர்ந்தோம். நானும் அப்பாவும் மட்டும். அம்மா, "மீன் கவுச்சிக்கு நான் வரலைப்பா" என்று என் மனைவியோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அப்பாவுக்கு வயது 69. அணைக்கரைக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் தங்கூசியும் முள்ளும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடிய கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஆனால் அவரோடு உட்கார்ந்து ஒருமுறைகூடத் தூண்டில் போட்டதில்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது அவர் வேலைக்காகத் திருச்சி போய்விட்டார், ஆற்றிலும் தண்ணீர் குறைந்துவிட்டது. மூன்று மாத விசாவில் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். இந்தப் பயணத்தை இப்போது விட்டால் பிறகு எப்போது என்று தோன்றியது.

ஏன் எப்ரோ? ஐரோப்பாவின் நன்னீர் மீன்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று இந்த ஆற்றில் இருக்கிறது. ஜெர்மனியில் அதற்கு வெல்ஸ் என்று பெயர், ஹங்கேரியில் ஹார்ச்சா, இங்கே சிலூரோ. செதில் இல்லாத, மீசை வைத்த, ஆளை விட நீளமாக வளரும் கெளுத்தி இனம். 2023 மே மாதம் இத்தாலியின் போ ஆற்றில் 285 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று பிடிபட்டது. அளந்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். எடை போட்டால் மீன் தளர்ந்துவிடும் என்று அதைக்கூடச் செய்யவில்லை. ஸ்பெயினின் எப்ரோ, இத்தாலியின் போ, பிரான்ஸின் ரோன், இவை மூன்றுக்கும்தான் பெரிய சிலூரோ தேடி ஆட்கள் வருகிறார்கள்.

வரும் வழியெல்லாம் காய்ந்த மேடுகள், செம்மண், வெள்ளைப் பாறை. லெய்தா தாண்டியதும் திடீரென்று பச்சை. பீச், பேரிக்காய்த் தோட்டங்கள் கண்ணுக்கு எட்டிய மட்டும். "தண்ணி போற இடம் மட்டும் உசுரோட இருக்கு" என்றார் அப்பா. ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் ஒரு கோட்டை, கீழே ஆறு. ஆறுகள் என்று சொல்ல வேண்டும். சிங்கா வந்து செக்ரேயில் சேர, செக்ரே இங்கே எப்ரோவில் சேர்கிறது. இந்தக் கலப்புக்கு உள்ளூர்க் கத்தலான் மொழியில் ஐக்வபரெச் என்று ஒரு சொல் இருக்கிறது. நமக்கு முக்கூடல்.

அறையில் அடுப்பு இருக்கிறது. ரசம் வைத்துச் சாப்பிட்டாயிற்று. அப்பா இப்போதே தூங்கப் போய்விட்டார், விடியற்காலை எழ வேண்டுமாம்.

இரண்டாம் நாள்

மீன் இல்லை. ஆனாலும் எழுத நிறைய இருக்கிறது.

படகுக்காரர் ஐந்தரை மணிக்கே வாசலில் நின்றார். இந்த ஊர்க்காரர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். இருபது வருடமாக வெளிநாட்டுத் தூண்டில்காரர்களை ஆற்றுக்கு அழைத்துப் போகிறார், அவர்களிடமே ஆங்கிலம் கற்றுக்கொண்டாராம். இந்த ஊர் இருக்கும் அரகோன் மாகாண அரசின் மீன்பிடி உரிமத்தை நான் இணையத்திலேயே இரண்டு பேருக்கும் வாங்கியிருந்தேன். படகு ஓட்ட எப்ரோ நீர்வள ஆணையத்தின் அனுமதி வேண்டும், அது அவரிடம் இருந்தது. அப்பாவுக்கு இதுவே பெரிய ஆச்சரியம். "ஆத்துல மீன் புடிக்க சீட்டா?" என்று உரிமத் தாளை வாங்கிப் பார்த்து, மடித்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இங்கே மீன்பிடிக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மூன்று மீட்டர் நீளத் தூண்டில் கோல், மணிக்கட்டு கனம் இருக்கும். சுருளில் தங்கூசி கிடையாது. பின்னல் நூல், அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், ஓர் ஆளையே தூக்கும் பலம். இரை என்பது மீன்தூளும் மீன் எண்ணெயும் கலந்து அழுத்திய உருண்டைகள். கடல்மீன் பண்ணைகளில் போடும் தீவனம்தான். ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு. அதில் துளை போட்டு, மூன்று நான்கை ஒரு மெல்லிய நூலில் கோத்து, முள்ளுக்குக் கீழே தொங்க விடுகிறார்கள். முள் வெறுமையாகவே இருக்கும். மீன் இரையை உறிஞ்சும்போது முள்ளும் கூடவே வாய்க்குள் போய், துப்பும்போது உதட்டோரம் மாட்டும்.

அப்பா அந்த உருண்டை ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தார். "நெத்திலிக் கருவாடு" என்றார்.

உயிர்மீனை இரையாக மாட்டுவதற்கு இங்கே தடை. அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. கொள்ளிடத்தில் வாளைக்குக் கெண்டைக் குஞ்சு, விராலுக்குத் தவளை, அதுதான் அவருக்குத் தெரிந்த சட்டம். ஏன் தடை என்று படகுக்காரரிடம் கேட்டேன். இந்த ஆற்றில் இருக்கும் பாதி மீன்கள் யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டவைதான், வாளியில் வரும் இரைமீனோடு இன்னும் எது எது வந்து இறங்குமோ என்ற பயம்தான் என்றார்.

கரையிலிருந்து வீசுவதில்லை. இரையைப் படகில் எடுத்துப்போய், நூற்றிருபது மீட்டர் தள்ளி, அடியில் பள்ளம் தொடங்கும் விளிம்பில் இறக்குகிறார்கள். கூடவே நூலில் ஒரு கல்லை மெல்லிய நூலால் கட்டிவிடுகிறார்கள். மீன் இழுத்ததும் அந்த மெல்லிய நூல் அறுந்து கல் ஆற்றோடு போய்விடும். ஈயக்குண்டைத் தண்ணீரில் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். அப்புறம் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு கிலோ உருண்டையை அள்ளித் தூவினார். நான்கு கோல்களையும் கரையில் ஊன்றிய இரும்புத் தாங்கிகளில் வானத்தைப் பார்த்து நிறுத்தி, ஒவ்வொரு நுனியிலும் ஒரு சின்ன மணியைக் கட்டினார்.

அதோடு சரி. காத்திருக்க வேண்டியதுதான்.

நாள் முழுக்கக் காத்திருந்தோம். எதிர்க்கரை நாணலில் சாம்பல் நாரைகள். பாறை மேட்டுக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடித்தன. நான் எண்ணியதில் பதினெட்டு. நம் ஊரில் இவை ஏறக்குறைய இல்லாமலே போய்விட்ட நிலையில், தலைக்கு மேலே இத்தனை கழுகைப் பார்த்தது எனக்கு மீனைப் பார்த்த அளவுக்கு இருந்தது. மத்தியானம் ஒருமுறை மணி அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெருங்கெண்டை ஒன்று இரையை இடித்துவிட்டுப் போயிருக்கிறது. கருப்பாகச் சின்ன ஈ ஒன்று கடிக்கிறது இங்கே, கடித்த இடம் தடித்து வீங்குகிறது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா சலிக்கவே இல்லை. எட்டு மணி நேரம், கண் நூலை விட்டு அகலாமல் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று இன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது.

மூன்றாம் நாள்

அப்பாவுக்கு மீன் மாட்டியது!

காலை ஒன்பதே கால். மணி அடிக்கவில்லை, கோலே பாதிக்கு மேல் வளைந்து தாங்கி சாய்ந்தது. படகுக்காரர் எடுத்து அப்பா கையில் கொடுத்தார். நான் இடுப்பைப் பிடித்துக்கொள்ளப் போனேன். "தள்ளுடா" என்றார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இழுத்தால் வரும், வந்தபின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், மறுபடி கோலைத் தூக்கினால் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு ஓடும். கரையோரம் வந்ததும் முதலில் தெரிந்தவை இரண்டு நீண்ட மீசைகள். பிறகு தட்டையான அகலத் தலை. படகுக்காரர் முழங்கால் ஆழத்தில் இறங்கி, கையுறை போட்ட கையைக் கீழ்த்தாடைக்குள் கொடுத்துப் பிடித்து, நனைத்து விரித்திருந்த தார்ப்பாயில் கிடத்தினார். 132 சென்டிமீட்டர், 16 கிலோ. இங்கே இது குட்டி.

அப்பா அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மேல்தாடையில் இரண்டு நீள மீசை, கீழே நான்கு குட்டை மீசை. கடுகு போலக் கண். முதுகில் பெயருக்கு ஒரு துடுப்பு. வயிற்றில் தொடங்கி வால்வரை நீண்டு ஓடும் அடித்துடுப்பு. அதில் விரலை ஓட்டிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது வாளைடா."

நான் ஏற்கெனவே படித்திருந்தேன், ஆனால் சொல்லி வைக்கவில்லை. அவராகவே கண்டுபிடித்துவிட்டார். நம் ஆற்று வாளையும் இந்த சிலூரோவும் ஒரே குடும்பம், சிலூரிடே. அந்த நீண்ட அடித்துடுப்பும் குன்றிப்போன முதுகுத் துடுப்பும் அந்தக் குடும்பத்தின் அடையாளம். "மீசை ரெண்டு ஜாஸ்தி இருக்கு, வாலு பிளவில்லாம மழுங்கியிருக்கு, வாளைக்கு வாய் இன்னும் கிழிஞ்சிருக்கும், பல்லும் பெருசு" என்று வித்தியாசங்களையும் அவரே சொன்னார். ஒன்றுகூடத் தப்பில்லை. வாளைக்கு மீசை நான்கு, இதற்கு ஆறு. இதன் பல் அரிசிக் குருணை மாதிரி நூற்றுக்கணக்கில், உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். கடித்து அறுக்காது, பிடித்தால் விடாது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். படகுக்காரர் மீனைத் தூக்கித் தண்ணீருக்குக் கொண்டுபோனபோது அப்பா கையை நீட்டி நிறுத்தினார். "எங்க கொண்டு போறாரு?" விடப்போகிறார் என்றேன். அப்பா முகம் மாறிவிட்டது. "திங்கறதுக்கு இல்லன்னா அத எதுக்கு இழுத்துக் கரையில போடணும்? அதுக்கு வலிக்காதா?"

என்னிடம் நல்ல பதில் இல்லை. பெரிய கொன்றுண்ணி மீன்களில் வயது ஏற ஏறப் பாதரசம் சேரும் என்பதைச் சொன்னேன். இந்த ஆற்றிலேயே, கீழே ஃபிளிக்ஸ் என்ற ஊரில், ரசாயன ஆலை ஒன்று பல பத்தாண்டுகளாகப் பாதரசம் கலந்த கழிவை நீர்த்தேக்கத்தில் கொட்டியிருந்ததையும், அதைத் தோண்டி அகற்றவே பல வருடம் பிடித்ததையும் சொன்னேன். அதனால் இதைச் சாப்பிடுவதைப் பலர் தவிர்க்கிறார்கள், பிடித்து விடுவதே இங்கே பழக்கம். அப்பா கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். மீன் மெல்ல வாலை அசைத்துக் கலங்கலுக்குள் போனதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் நான் இரண்டு சிறியவை பிடித்தேன். அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

நான்காம் நாள்

இன்று மீன்பிடிப்பு இல்லை. சியெர்சோ அடிக்கிறது. வடமேற்கிலிருந்து எப்ரோ பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் காய்ந்த காற்று இது. காலையில் ஆற்றைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக அலை. படகு இறக்க முடியாது என்று படகுக்காரர் சொல்லிவிட்டு, "வாங்க, என் அப்பாவின் ஊரைக் காட்டுகிறேன்" என்றார்.

நாங்கள் தங்கியிருப்பது புது மெக்கினென்சா. நேர்க்கோட்டில் தெருக்கள், ஒரே மாதிரி வீடுகள். நான் அதைக் கவனித்திருந்தேன், காரணத்தை யோசிக்கவில்லை. பழைய ஊர் கொஞ்ச தூரத்தில் எப்ரோ கரையில் இருந்தது. 1966இல் ஊருக்கு மேலே மெக்கினென்சா அணை எழுந்தது. 1967இல் ஊருக்குக் கீழே ரிபா-ரோஜா அணை. இரண்டும் மின்சாரத்துக்காக. கீழ் அணையில் தேங்கிய தண்ணீர் பின்னோக்கி ஏறி ஊருக்குள் வந்தது. வீடு வீடாகக் காலி செய்து, காலியான வீட்டை அன்றைக்கே இடித்தார்களாம், மறுபடி யாரும் உள்ளே போய்விடக் கூடாது என்று. தன் அப்பா சொன்னதாகப் படகுக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

இப்போது மேல் தெருக்களின் அடித்தளங்களை மட்டும் சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். முட்டியளவுச் சுவர்கள், தெருக்களின் பெயர்ப் பலகைகள், ஒரு வாசற்படி, தேவாலயம் நின்ற இடம். பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று தப்பியிருக்கிறது, அதில் ஊரின் வரலாற்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சுரங்க அருங்காட்சியகம், தலைக்கவசம் போட்டுக்கொண்டு நிஜச் சுரங்கத்துக்குள் நடக்கலாம். பழுப்பு நிலக்கரிதான் இந்த ஊரின் சோறு. அதை யாவுத் என்ற தட்டையான மரப் படகுகளில் ஏற்றிக் கடல்பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். போகும்போது ஆறு இழுத்துக்கொண்டு போகும். திரும்பும்போது கரையிலிருந்து கோவேறு கழுதைகளோ மனிதர்களோ கயிறு கட்டி நீரோட்டத்துக்கு எதிராக இழுத்து வர வேண்டும். அந்தப் புகைப்படத்தின் முன்னால் அப்பா நின்றுவிட்டார். தோளில் கயிறு பதிந்து முன்னால் குனிந்து நடக்கும் ஆட்கள்.

தெருக்கள் இறங்கி இறங்கித் தண்ணீருக்குள் போகின்றன. அதுதான் என்னை உலுக்கியது. ஒரு படித்துறை மாதிரி இல்லை. ஒரு தெரு, இரண்டு பக்கமும் வீடுகள் இருந்த தெரு, அப்படியே நடந்து ஆற்றுக்குள் போகிறது. படகுக்காரர் தண்ணீருக்குள் கையைக் காட்டினார். "பெரிய சிலூரோக்கள் அங்கே படுத்திருக்கும். சுவர் மறைவு அவற்றுக்குப் பிடிக்கும்."

இந்த மீன் எப்ரோவுடையது அல்ல. அதன் சொந்த நாடு கிழக்கே. டான்யூப், வோல்கா, கருங்கடலிலும் காஸ்பியனிலும் கலக்கும் ஆறுகள். 1974இல் ஒரு ஜெர்மானிய உயிரியலாளர் இங்கே குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். தூண்டில் விளையாட்டுக்காகத்தான். அணைகளால் ஆறு ஏரியாகிவிட்டிருந்தது. வெதுவெதுப்பான, ஆழமான, மெதுவான தண்ணீர், எதிரியே கிடையாது, தின்னக் கெண்டைகள் ஏராளம். டான்யூபின் குளிரில் வளர்வதைவிட இங்கே வேகமாக வளர்ந்தது. எப்ரோவின் சொந்த மீனான பார்போ வெகுவாகக் குறைந்துவிட்டது. முன்பு கடலிலிருந்து மெக்கினென்சா வரை ஏறிவந்த விலாங்குகளை அணைகள் மறித்துவிட்டன. ஸ்பெயின் அரசு சிலூரோவை அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் அதை இனி இந்த ஆற்றிலிருந்து எடுக்க முடியாது.

பிரான்ஸில் ஆல்பி என்ற ஊரில் இதே மீன் புறாக்களைப் பிடித்துத் தின்னப் பழகியிருக்கிறது. அங்கேயும் இது அயல் மீன்தான். டார்ன் ஆற்றின் சரளைத் திட்டில் தண்ணீர் குடிக்க வரும் புறாக்களை, தன் பாதி உடம்பைக் கரைமேல் எறிந்து கவ்வுகிறது. 2012இல் வந்த ஓர் ஆய்வு 54 பாய்ச்சல்களைக் கணக்கெடுத்தது. நூற்றுக்கு 28 வெற்றி. சொந்த ஊரில் செய்யாததைப் போன இடத்தில் கற்றுக்கொண்ட மீன். அப்பாவிடம் சொன்னேன், "பசி கத்துக் குடுக்கும்" என்றார்.

ஊர் வெளியேறிய அதே வருடங்களில் மீன் உள்ளே வந்திருக்கிறது. சுரங்கங்கள் மூடிய பிறகு இந்த ஊரில் படகுக் கடை, இரைக் கடை, தங்கும் அறைகள் எல்லாம் இந்த மீனை நம்பி நடக்கின்றன. படகுக்காரரிடம் நேராகவே கேட்டேன், இந்த மீன்மேல் கோபம் உண்டா என்று. யோசித்துத்தான் பதில் சொன்னார். "என் அப்பா சாகும்வரை ஒரு சிலூரோவைக்கூடத் தொட்டதில்லை. நான் அதை வைத்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்."

எனக்கு இதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மீனை யாரும் கேட்டுக் கொண்டுவரவில்லை. அதன்மேல் தப்பு இல்லை. பார்போ மீன்மேலும் தப்பு இல்லை. இந்தக் கணக்கில் பார்போவுக்கு யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது. நம் பக்கம் வாளை சொந்த ஆற்றிலேயே அருகி, சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அணைக்கரையில் முன்பு ஆள் உயர வாளையைக் காவடியில் கட்டித் தூக்கி வருவார்களாம். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். வெகுநேரம் கழித்து, "உன் அக்கா பொறந்த வருஷம்" என்றார். அக்காவுக்கு 43 வயது.

ஐந்தாம் நாள்

காற்று அடங்கிவிட்டது. ஆறு கண்ணாடி மாதிரி.

காற்றுக்குப் பிறகு மீன் நன்றாகத் தின்னும் என்றார் படகுக்காரர். காலை முழுவதும் ஒன்றும் தின்னவில்லை. மதியம் பொட்டலத்தைப் பிரித்தோம். முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட தடித்த அடை, ரொட்டிக்குள் வைத்தது. அப்பா அதில் ஊறுகாய் தடவிச் சாப்பிட்டார். படகுக்காரரும் கேட்டு வாங்கித் தடவிக்கொண்டார். ஆவக்காய்.

நான்கு மணிக்கு இரண்டாவது கோல் ஒரு முறை தலையாட்டியது. நின்றது. இன்னொரு முறை. பிறகு நூல் தளர்ந்து தொங்கியது. அறுந்துவிட்டது என்று நினைத்தேன். "நம்ம பக்கம் வருது!" என்று அப்பாதான் முதலில் கத்தினார். ஓடிப்போய் எடுத்துச் சுற்றினேன், சுற்றினேன், சுருள் முழுக்கத் தளர்ந்த நூல். திடீரென்று அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாறை கிடைத்தது. பாறை அசைந்தது.

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. படகில் ஏறிக்கொண்டோம், மீன் மூழ்கிய மரங்கள் இருக்கும் பக்கம் போகாமல் தடுக்க. படகை அது இழுத்தது. மூன்று ஆளும் மோட்டாரும் இருக்கும் படகை. கோலின் அடிக்கட்டை தொடையில் அழுந்த, நூல் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு முறை அது தலையை உதறும்போதும் என் தோள் வரை வந்து இடித்தது. நான் பதற்றத்தில் சுருளைக் கையால் அழுத்திப் பிடிக்கப் போனேன். பின்னாலிருந்து அப்பா குரல்: "விட்டுப் புடிடா, விட்டுப் புடி!" வாழ்க்கையில் எத்தனையோ முறை கேட்ட சொல். இது எங்கிருந்து வந்த சொல் என்று இன்றுதான் கை வழியாகத் தெரிந்தது. விட்டேன். ஓடியது. நின்றதும் மெல்ல இழுத்தேன். மறுபடி விட்டேன்.

முப்பத்தைந்து நிமிடம் என்று படகுக்காரர் சொன்னார். எனக்குக் கணக்கு இல்லை.

மேலே வந்தபோது முதலில் குமிழிகள் வந்தன, அப்புறம் வால், படகை விட்டு வெகுதூரத்தில். தலை என் பக்கத்தில் இருந்தது. அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கரையோரம் கொண்டுபோய், தண்ணீருக்குள்ளேயே நின்று, இடுப்பளவு ஆழத்தில் தாடையைப் பிடித்தேன். என் இரண்டு கையும் முழங்கை வரை உள்ளே போகும் வாய். முதுகு பச்சையும் கருப்பும் கலந்த பளிங்கு, வயிறு மோர் நிறம். 218 சென்டிமீட்டர். தார்ப்பாயோடு தூக்கி நிறுத்தியதில் 71 கிலோ.

இந்த மீனுக்கு எத்தனை வயது இருக்கும் என்று கேட்டேன். பல பத்தாண்டுகள் வாழக்கூடிய மீன் இது, இருபதுக்கு மேல் இருக்கலாம் என்றார் படகுக்காரர். காதுக்கும் காற்றுப் பைக்கும் நடுவே சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலி போல இருப்பதால் இந்த மீனுக்கு நன்றாகக் காது கேட்கும் என்றும் சொன்னார். டான்யூப், டிஸா ஆறுகளில் வளைந்த மரக்கட்டையால் தண்ணீரை 'குப்', 'குப்' என்று அடித்து, அந்தச் சத்தத்துக்கே இதைக் கிளப்பிக் கொண்டுவரும் பழைய முறை இன்றும் இருக்கிறது. அதனால் அதன் பக்கத்தில் எல்லோரும் மெதுவாகப் பேசினோம். தேவையா என்று தெரியாது, ஆனால் அப்படித்தான் பேச வந்தது.

அப்பா தன் துண்டைத் தண்ணீரில் நனைத்து அதன் முதுகில் போட்டார். வெயில் படாமல் தன் உடம்பால் நிழல் கொடுத்து நின்றார். முந்தாநாள் அவர் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை. படகில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்து, மீனின் மூக்கில் ஒரு நுனியை வைத்து, வால் நுனியில் முடிச்சுப் போட்டு, அந்த அளவில் வெட்டித் தரும்படி படகுக்காரரிடம் சைகையில் கேட்டார். அவர் வெட்டிக் கொடுத்தார்.

விடும்போது மூவரும் பிடித்திருந்தோம். தாடையை விட்ட பிறகும் அது போகவில்லை. என் கால்களுக்கு நடுவே, அசையாமல், செவுளை மட்டும் திறந்து மூடிக்கொண்டு நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்பா குனிந்து அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளினார். ஒரே ஒரு வாலடி. மூன்று பேரும் முழுக்க நனைந்துவிட்டோம்.

ஆறாம் நாள்

காலையில் படகைக் கழுவப் போனோம். எப்ரோவில் 2001இல் வரிச்சிப்பி என்ற நகம் அளவுச் சிப்பி நுழைந்துவிட்டது. குழாய், மதகு, படகு அடி என்று எதிலும் அப்பி வளரும். ஒரு படகு இன்னொரு நீர்நிலைக்குப் போகும் முன் அழுத்தமான வெந்நீரில் கழுவியாக வேண்டும். எங்கள் செருப்பு, வாளி, அப்பாவின் துண்டு எல்லாவற்றையும் கழுவி உலர்த்தினோம். படகுக்காரருக்கு மீதி ஊறுகாய்ப் பாட்டிலைக் கொடுத்தார் அப்பா. அவர் வண்டியிலிருந்து ஒரு பெட்டி அத்திப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

விமானம் ராத்திரிதான். அறையைக் காலி செய்யும் முன் அப்பா ஊருக்கு, சித்தப்பாவுக்கு, வீடியோவில் பேசினார். நான் எடுத்த புகைப்படங்களைக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். "போட்டோவுல எதையும் பெருசா காட்டலாம்டா." போனை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தார். ஒரு நுனியைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்து நீட்டிக்கொண்டே போனார். கட்டில் முடிந்தது. கயிறு முடியவில்லை. கட்டிலைத் தாண்டி ஒரு சாண் காற்றில் பிடித்துக்கொண்டு, முடிச்சு போனில் தெரிகிறதா என்று பார்த்தார்.

"வாளைடா" என்றார் தம்பியிடம். "நம்ம வாளைதான். மீசை மட்டும் ரெண்டு ஜாஸ்தி."